கமலாக்கினிக் கோட்பாடு: வடசேரியில் பன்றி முன்சப்பையை விரைந்து சுடுதல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பன்றியின் முன்சப்பை உழைத்துத் தேய்ந்த தசை. நிற்கவும் நடக்கவும் மண்ணைக் கிளறவும் ஆயுள் முழுக்க ஓய்வு காணாததால் அதில் நாரும் சவ்வும் மண்டிக் கிடக்கும். அதை 110 பாகை செல்சியஸில் அரை நாள் வைத்துச் சுட வேண்டும் என்பது அமெரிக்க மரபு. நாகர்கோவில் வடசேரியிலோ ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு மணிக்கு இலை போட்டாக வேண்டும். இந்த முரண்பாடே ஆய்வுப்பொருள். குமரி மாவட்டத்துச் சமையற்கட்டுகள் இச்சிக்கலைத் துண்டு போட்டு, தேங்காய்க்கொத்து சேர்த்து வறுத்தே தீர்த்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் தீர்ந்த சிக்கலை மறுபடி எழுப்பாவிட்டால் ஆய்வுக்கு என்ன வேலை?

2. முன்னோர் ஆய்வுகள்

வேகவாதிகளின் மூலவர் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம். 1822-இல் 'லண்டன் மேகசின்' இதழில் அவர் எழுதியபடி, சீனத்தில் ஒரு குடிசை எரிந்து உள்ளேயிருந்த பன்றிக்குட்டிகள் வெந்ததில்தான் மனிதன் அந்த ருசியைக் கண்டான். பிறகு ஊரே வீடுகளைக் கொளுத்தத் தொடங்கியது. முறை விரைவானதுதான். வீட்டுவரி கட்டுகிறவர்கள் ஒப்பமாட்டார்கள்.

நிதானவாதிகளின் மூலவர் வெப்பத்தை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு. உருளைக்கிழங்கு உலர்த்தும் சாதனத்தில் ஆட்டுச் சப்பையை வைத்து, மூன்று மணி நேரம் பார்த்துச் சலித்துப்போனார். இரவு அங்கேயே கிடக்கட்டும் என்று பணிப்பெண்கள் விட்டார்கள்; காலையில் பதமாக வெந்திருந்தது. ஆக, ஒரு மரபு கவனக்குறைவில் பிறந்தது, மற்றது சோம்பலில்.

3. களமும் தீயும்

நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை; அவற்றுக்குப் பேர்போன ஊர் வடசேரி. பொன் உருக 1064 பாகை வேண்டும். முன்சப்பை நெகிழ உள்ளே 95 பாகை போதும். எனவே இவ்வூரில் தீக்குப் பஞ்சமில்லை, தீயை அடக்குவதில்தான் பஞ்சம்.

சித்த மருத்துவம் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூன்றாகப் பிரிக்கிறது. அரைநாள் மரபு தீபாக்கினி. லாம் சொன்னது காடாக்கினி. இக்கட்டுரை பரிந்துரைப்பது நடுவில் உள்ள கமலாக்கினி, அதாவது ஏறத்தாழ 150 பாகை.

4. செய்முறையும் கண்டவையும்

சிரட்டைக்கரிக் கனலை ஒருபக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, மேலே பெரிய சருவத்தைக் கவிழ்க்க வேண்டும். நேர்கனலில் வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும். நல்லமிளகோடு அம்மியில் அரைத்துப் பூசிய வத்தல்மிளகு கருகும். பக்கத்து வீட்டு அக்கா தும்மிக்கொண்டே மதிலுக்கு மேல் தலைநீட்டி, "மக்கா, வீட்டுல தீ பிடிச்சிட்டா?" என்பார். அவர் லாமை வாசித்ததில்லை.

உள்வெப்பம் 65-75 பாகையில் வந்து படுத்துக்கொள்ளும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்போது, ஏறுகிற வெப்பத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்கிறது. அமெரிக்கர்கள் இதற்கு அலுமினியத் தாள் சுற்றுவார்கள். மெக்சிகோவின் யுகட்டான்காரர்கள் பன்றியைக் காலங்காலமாக வாழையிலையில்தான் பொதிகிறார்கள். அந்த இலை வடசேரி கனகமூலம் சந்தையிலும் கிடைக்கும். இலையைத் தணலில் வாட்டி, இரண்டு அடுக்காகப் பொதிந்து கட்டினால் ஆவி அடங்கும். கொலாஜன் ஜெலட்டினாக இளகும். நாலு கிலோ சப்பைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

அப்படியானால் காலை ஆறுக்கே தீ மூட்ட வேண்டும். ஆராதனையில் ஒரு தலை குறையும். இதற்கான இறையியல் தீர்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

5. முடிவு

வேக்காட்டைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, உள்வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பமானி இல்லாதவர்கள் கம்பியைக் குத்திப் பார்க்கலாம். தடையில்லாமல் இறங்கி, எலும்பும் கழன்று வந்தால் பதம். அரைநாள் சுட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டென்று சாதிப்பவர்கள் சாப்பிடுவதற்கு முன்பு மட்டுமே சாதிக்கிறார்கள். இறக்கிய பின் அரைமணி நேரம் இலையைப் பிரிக்க வேண்டாம். பிரிக்க நீளும் கைகளைத் தட்டிவிட வீட்டில் கண்டிப்பான ஒருவரை இப்போதே நியமித்துக்கொள்ளுங்கள்.