ஆளில்லாப் படகு விசாரம்

உலகில் விசாரிக்கத்தக்க விஷயங்கள் யாவும் விசாரித்துத் தீர்ந்துவிட்டன என்று எண்ணி மனம் சோர்ந்திருக்கும் அறிஞர் எவரேனும் இருப்பின், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டர்வொர்த்துக்கு வந்து, ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு, பாகான் ஆஜாமில் பந்தாய் பெர்சே கரையில் நின்று, மேற்கே பினாங்குத் தீவை நோக்கிச் சற்றுப் பார்வையைச் செலுத்துவாராக. கரைக்கும் கப்பல் வழிக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் எஞ்சின் பூட்டிய படகொன்று நங்கூரமிட்டு நிற்கும். அதில் ஆள் இரார். கூப்பிடு தூரத்துக்கு அப்பால், கயாக் ஒன்றில் கால்களை நீட்டி அமர்ந்தபடி ஒருவர் தூண்டில் நுனியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவரே அப்படகின் உரிமையாளர். மிதக்கும் ஒன்றைவிட்டு இறங்கி மிதக்கும் மற்றொன்றில் ஏறி, முன்னதிலிருந்தே பிடித்திருக்கக்கூடிய மீனைப் பின்னதிலிருந்து பிடிக்க முயலும் இச்செயலின் காரணம் யாது, விட்டுவந்த படகின் கதி யாது என்னும் இரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வினாவுக்கு விடை எளிது. பட்டர்வொர்த் அமைந்த செபராங் பிறைக் கரை சேற்றுக்கரை. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து வடக்கே கோல மூடா வரையில், நீர் வற்றும் வேளையில் சேற்றுத்தரை வெகுதூரம் வெளிப்பட்டு, தேசாந்தரம் செல்லும் கரைப்பறவைகளுக்கு அன்னசத்திரம் போல் உதவுகிறது. இத்தகைய ஆழமற்ற நீரில் எஞ்சின் படகு தரை தட்டும். தட்டாவிடினும், கண்டல் வேர்களிடையே பதுங்கியிருக்கும் கொடுவாய் மீனை, நம்மவர் மலாய்க்காரரைப் பின்பற்றிச் சியாகாப் என்றழைக்கும் அந்தச் சந்தேகப் பிராணியை, அதன் இரைச்சலே விரட்டிவிடும். சாண் ஆழ நீரிலும் ஓசையின்றிச் செல்வது கயாக். ஆகவே தூரத்தைக் கடக்கப் படகும், மீனை அணுகக் கயாக்கும் வேண்டியனவாகின்றன. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டாம் வினாவே ஆழமுடையது. அதனுள் புகுமுன் ஆளில்லாப் படகின் இலக்கணத்தை வரையறுத்துக்கொள்ளுதல் அவசியம். நங்கூரமிட்ட படகுகள் மூவகைப்படும்: ஆள் உள்ளது, ஆள் இல்லாதது, ஆள் இருந்தும் இல்லாதது. மூன்றாம் வகையைப் பூர்வாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. “மச்சான், போட்ட பாத்துக்க, அந்த ஓரமா ரெண்டு வீசு வீசிட்டு வந்துடறேன்” என்று கயாக்காரர் சொல்ல, “நீ போ மச்சான், நான் முழிச்சுத்தான இருக்கேன்” என்று அபயமளித்த மைத்துனர், கயாக் ஐம்பது கெஜம் செல்வதற்குள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நித்திரையில் ஆழ்வாராயின், அப்படகு ஆளுள்ளதா, ஆளில்லாததா? கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கென 1972-இல் ஏற்பட்ட சர்வதேச விதிகளில் ஐந்தாவது, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் தக்க காவல் வைத்திருக்க வேண்டுமெனப் பணிக்கிறது. மைத்துனரின் கண் மூடியிருக்கிறது. காதோ அவருடைய குறட்டையிலேயே ஈடுபட்டிருக்கிறது. ஆதலின் அவரை ஆளாகக் கணக்கிட விதி இடந்தராது.

அதே தொகுப்பின் முப்பதாம் விதி, நங்கூரமிட்ட கலம் பகலில் கருங்கோளமொன்றையும் இரவில் எத்திசைக்கும் தெரியும் வெண்விளக்கையும் காட்டவேண்டும் என்கிறது. 7 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு, கப்பல் வழியிலோ நங்கூரத் தலத்திலோ அவற்றின் அருகிலோ நில்லாதவரையில், இதிலிருந்து விலக்கு உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும் கடமையிலிருந்து எந்தப் படகுக்கும் விலக்கில்லை.

நம் முன்னோர் உண்மையை அறிவதற்குக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை வகுத்தனர். காட்சியைப் பந்தாய் பெர்சேயில் கண்டோம். உரைக்கு, இம்மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1834-இல் காப்டன் ஜேம்ஸ் லோ இந்தச் செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்து, இப்போது கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையில் உள்ள கல்லொன்றில், இரக்தமிருத்திகையைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் என்பவனின் பெயரும், பயணம் சித்தியாக வேண்டுமென்ற பிரார்த்தனையும் சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தின் வடிவைக்கொண்டு ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். மகாநாவிகன் என்று பட்டம் பெற்றவனே தன் பிரயாணத்தைக் கல்லில் எழுதிவைத்தான் எனின், பட்டமேதும் பெறாத ஞாயிற்றுக்கிழமை நாவிகர்கள் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கடுதாசித் துண்டிலேனும் எழுதி வீட்டாரிடம் கொடுத்துப் புறப்படுவது தகும்.

படகில் காவல் வேண்டுமென்பதற்கு மேற்றிசை உரையும் அநுகூலமாகவே இருக்கிறது. தாய்க்கலத்தை நிறுத்திவிட்டுச் சிறு தோணியில் மீன்பிடிக்கும் வழக்கத்தைப் போர்த்துகீசியர் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடற்றிட்டுகளில் 1974 வரை நடத்திவந்தனர். விடியலில் டோரி என்னும் தோணிகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறக்கப்படும். ஒரு தோணிக்கு ஒரே மனிதன். ஆனால் கப்பலில் தலைவனும் சமையற்காரனும் இருப்பார்கள்; தலைவன் மூடுபனியையும் தோணிகளையும் பார்த்தபடியே இருப்பான். இத்தனை காவல் இருந்தும் பயன்படாத சந்தர்ப்பமும் உண்டு. 1883 ஜனவரியில் அமெரிக்கக் கப்பலொன்றின் டோரியில் சென்ற ஹோவர்ட் பிளாக்பர்ன், பனிப்புயலில் கப்பலைக் காணாது, உடன் வந்தவன் குளிரில் இறந்துபோக, உறையத் தொடங்கிய தம் கைகளைத் துடுப்பைச் சுற்றி வளைத்தபடியே விறைக்கவிட்டு, நாட்கணக்கில் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தார், விரல்களை இழந்தார். கப்பலில் ஆள் இருந்தபோதே கதி இதுவாயின், ஆளே இல்லாதபோது என்னவாகும் என்று கைமுதிக நியாயத்தால் கொள்க.

இனிக் கருதல். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. கயிறு தரையோடு சாய்ந்து இழுக்கும்போது நங்கூரத்தின் கொழு சேற்றினுள் மேலும் புதைகிறது. கயிறு நிமிர்ந்து மேல்நோக்கி இழுத்தாலோ, கொழு பெயர்ந்துவிடும். ஆகவே நீரின் ஆழத்தையும், நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனையாகிய அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் குறைந்தது 5 மடங்கு, கூடுமாயின் 7 மடங்கு கயிறு விடவேண்டும் என்பது மாலுமிகளின் கணக்கு. நம் கயாக்காரர் நீர் வற்றிய வேளையில் வருகிறார். ஆழம் 3 மீட்டர், அணியம் 1 மீட்டர், மொத்தம் 4. 5 மடங்குக்கு 20 மீட்டர் விட்டுத் திருப்தியடைகிறார். ஆனால் பினாங்குக் கால்வாயில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் ஏறத்தாழ 2 மீட்டர். அவர் மூன்றாவது மீனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கையில் 4 என்பது 6 ஆகிறது. 5 மடங்கு என்பது மூன்றேகாலுக்குச் சற்றே மேற்பட்டதாகிறது. 30 மீட்டர் விட்டிருக்க வேண்டியவர் 20 மீட்டரோடு நிற்கிறார். அதை அவருக்குச் சொல்லப் படகில் ஒருவரும் இல்லை.

கயிறு போதுமானதாகவே இருந்தாலும் கருதல் ஓயாது. ஏறக்குறைய ஆறு மணிக்கொருமுறை நீவாடு என்னும் நீரோட்டம் திசை மாற, படகு நங்கூரத்தைச் சுற்றித் திரும்பி, இழுப்பு எதிர்ப்புறமாகிறது; கொழு புரண்டு மறுபடி புதைய வேண்டும், புதைந்ததா என்று யாரேனும் பார்க்கவும் வேண்டும். அணியத்தில் குந்தி, விறைத்த கயிற்றை இரு விரல்களால் தொட்டால் இது தெரியும்: கொழு பிடித்திருந்தால் கயிறு அசைவற்றிருக்கும், தரையில் இழுபட்டால் விட்டுவிட்டு ஒரு நடுக்கம் விரலுக்கு ஏறும். கரையில் ஒரு தென்னையையும் அதன் பின்னாலுள்ள கட்டடமொன்றையும் நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, கோடு கலைகிறதா என்று நோக்குவது மற்றொரு வழி. இவ்விரு சோதனைகளுக்கும் முறையே ஒரு விரலும் ஒரு கண்ணும் தேவை; ஆளில்லாப் படகில் இரண்டும் இல்லை.

இங்கே பூர்வபட்சக்காரர் எழுந்து மூன்று ஆட்சேபங்களைக் கூறுவார். ‘படகு என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறதே’ என்பது முதலாவது. கயாக்கில் அமர்ந்தவரின் கண், நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இராது; அலை எழும்பிக் கயாக் பள்ளத்தில் இறங்கும்தோறும் தாழ்ந்த படகு மறையும்; மீன் கடித்த பிறகு படகென்ன, பினாங்கு மலையே அவர் கண்ணில் படுவதில்லை என்பது அனுபவ சித்தம். ‘நகர்ந்தால் துடுப்பு வலித்துப் பிடித்துவிடுவேன்’ என்பது இரண்டாவது. நிதானமாக வலிப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்வார். காற்றும் நீவாடும் சேர்ந்து படகை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகுமாயின், அரைக் கிலோமீட்டர் முந்திவிட்ட படகை எட்ட அரைமணி நேரம் வேண்டும். கால்வாயிலோ ஃபெரியும் சரக்குக் கப்பல்களும் உலவும். சுமத்ரா என்றே பெயர் பெற்ற திடீர்ச் சூறை மேற்கிலிருந்து வந்துவிட்டால், இந்தக் கணக்கும் செல்லாது.

‘யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்’ என்பது மூன்றாவது. எஞ்சின் என்பது சில திருகுகளைத் தளர்த்தினால் கழன்றுவரும் சொத்து என்பதை நினைவூட்டுவதோடு, கடற்சட்டத்தின் நுட்பமொன்றையும் காட்டலாம். திரும்பும் எண்ணமும் மீட்கும் நம்பிக்கையும் இன்றி விடப்பட்டதே கைவிடப்பட்ட கலம் என்பது அச்சட்டத்தின் கொள்கை. நம் கயாக்காரருக்குத் திரும்பும் எண்ணம் சந்தேகமின்றி உண்டு; ஆனால் இன்னும் ஒரே ஒரு மீன் அகப்படும்வரை அது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மிதந்து வரும் படகைக் காணும் அந்நியருக்கு அவ்வெண்ணத்தைத் தெரிவிக்கும் அறிகுறி எதுவும் படகில் இல்லை.

ஆகவே பெறப்படும் சித்தாந்தம் இது: படகை ஆளின்றி விட்டுப் போனோம் என்று கயாக்காரர் சொல்லிக்கொள்வது இடம் மாறிய வழக்கு. நிழலும், குடிநீரும், எஞ்சினும், கரைக்குத் திரும்பும் வழியும் படகில் இருக்க, இவை யாவுமின்றித் துடுப்பொன்றோடு கடலில் இருப்பவர் அவரே. துணையின்றி விடப்பட்டவர் அவர்.

இதை ஏற்கும் அன்பர்கள் கீழ்க்கண்டவாறு ஒழுகக் கடவர். ஏற்றத்தையும் சேர்த்துக் கயிறு விடுக. எஞ்சின் சாவியைக் கையோடு கொண்டுபோகுக. உயிர்காப்பு அங்கியைப் படகில் விட்டுச் செல்லற்க. களைத்தபோது நீரே படகை நோக்கிக் கொண்டுவந்து சேர்க்குமாறு, முதலில் நீவாட்டுக்கு எதிராக வலித்துச் செல்க. நீவாடு மாறுமுன் படகுக்குத் திரும்புக. எல்லாவற்றுக்கும் மேலாக, விழித்திருக்கும் ஒருவரைப் படகில் இருத்திச் செல்க. அத்தகைய மைத்துனர் வாய்க்கப்பெறாதவர்கள் படகை வீட்டிலேயே விட்டுவிட்டு, கயாக்கைக் கரையிலிருந்து இறக்கிக் கரையோரமாகவே மீன்பிடிப்பது உத்தமம்.