ரெட்டைப் பேரு வைக்கப் போறீகளாக்கும்!

வாலே பேராண்டி, உக்காரு. தாயி, நீயும் பிள்ளையத் தூக்கிட்டு இப்படி நிழலுக்கு வா. பேரு எழுதின தாளைக் காட்டினான் உன் வீட்டுக்காரன். 'ஹன்ஷிதா ஸ்ரீ'. நல்லாத்தான் இருக்கு. எனக்கு மிச்சம் இருக்கிற நாலு பல்லுக்கு அது கட்டுப்படாது. ஹ-ன்னா காத்துப் போவுது, ஷி-ன்னா எச்சி தெறிக்குது. பேரு எனக்கா வைக்கிறீக, பிள்ளைக்குத்தான? தாராளமா வையுங்க.

ரெண்டு எதுக்குன்னு கேட்டா, 'இப்ப இதுதான் ஸ்டைலு தாத்தா'ங்கான். ஏலே, நான் தலையாரியா இருந்தவன். கணக்கப்பிள்ளை காலத்துலயும் பிறப்புப் பதிவேட்டைச் சுமந்தேன்; 1980-ல அந்தப் பரம்பரை வேலையை ஒழிச்சிட்டு ஆபீசர் வந்த பெறகும் சுமந்தேன். அந்த நோட்டுல ஒத்தைப் பேரைத் தேடித்தான் பாக்கணும். முத்துப்பேச்சி, மாரித்தாய், ராமலட்சுமி, சுப்புத்தாய், எல்லாம் ரெட்டைதான். அப்புறம் கட்சிக்காரங்க வந்து சுத்தத் தமிழ்ல வைங்கன்னாக. தமிழ்ச்செல்வி, தேன்மொழி, கயல்விழின்னு வச்சோம். அதுவும் ரெட்டைதான். ஒரே வித்தியாசம், நாங்க ரெண்டையும் இடுக்குத் தெரியாம ஒட்டிட்டோம். நீங்க நடுவுல கொஞ்சம் எடத்தைக் காலியா விட்டிருக்கீக. காலி எடம்னாலே வில்லங்கம்தான், அதைப் பெறகு சொல்லுதேன்.

இந்த ஸ்ரீ இருக்கே, முன்னெல்லாம் கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னால மரியாதையா உக்காந்திருந்துச்சு. இப்ப எல்லாப் பிள்ளைக்கும் வாலா வந்து நிக்குது. பள்ளிக்கூடத்துல டீச்சர் 'ஸ்ரீ'ன்னு ஒரு சத்தம் கொடுத்தா அரை வகுப்பு எந்திரிச்சு நிக்கும்.

அந்தக் காலத்துலயும் ஒரே பிள்ளைக்கு ரெண்டு பேரு உண்டு தாயி. காரணம் வேற. மூத்தது பொம்பளப் பிள்ளைன்னா அப்பனைப் பெத்த ஆச்சி பேரைத்தான் வைக்கணும். ஆனா மருமக வாயால மாமியா பேரைச் சொல்லப்பிடாது. பெறகு எப்படிப் பிள்ளையக் கூப்பிடுவா? அதுக்காக வீட்டுக்குன்னு ஒண்ணு: பாப்பா, ராசாத்தி, தங்கம். பதிவேட்டுப் பேரு பதிவேட்டுலயே தூங்கும். இதுல சில கெட்டிக்கார மருமக உண்டு. மத்த நேரமெல்லாம் 'ராசாத்தி'தான். பிள்ளை சேட்டை பண்ணுச்சுன்னா மட்டும் வாய் தவறிரும். 'ஏ மூதேவி பேச்சியம்மா, தின்னுட்டுத் தின்னுட்டு உருளுதியே!'ன்னு முத்தத்துல நின்னு சத்தம் போடுவா. திண்ணையில இருக்கிற மூத்த பேச்சியம்மாவுக்கு வெத்தலைச் சாறு உள்ளே எறங்காது. பிள்ளையத்தான வையுதா, என்னன்னு போய்க் கேக்க? சிரிக்காத தாயி. உனக்கு ஒண்ணும் நான் வழி சொல்லிக் கொடுக்கல.

அப்பல்லாம் மூத்தது அப்பன் வீட்டுப் பேரு, அடுத்தது அம்மா வீட்டுப் பேருன்னு வரிசையா வச்சிட்டுப் போவாக. நாலு அஞ்சு பெத்தா எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். நீங்க ஒண்ணோட நிப்பாட்டிக்கிடுதீக. ரெண்டு வீட்டு ஆச்சியும், நாலு அத்தை சித்தியும், ஜோசியரும் அந்த ஒத்தப் பிள்ளை மேல வந்து உக்காரணும்னா பேரு நீளத்தான் செய்யும். ரெண்டு மாட்டைப் பூட்டுனா போதாது பேராண்டி, ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கணும். முன்பாதியைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பின்பாதிக்கு மூச்சு இல்லேன்னா, ஊரு ஒண்ணை அவுத்துவிட்டுரும். விஜயலட்சுமி விஜி ஆனா, ராஜேஸ்வரி ராஜி ஆனா, புவனேஸ்வரி புவனா ஆனா. உன் பிள்ளையை எங்க தெரு என்னன்னு கூப்பிடும் தெரியுமா? 'அஞ்சு'. தீந்துச்சு.

ஜோசியர் கதை தனி. நட்சத்திரத்துல பாதத்துக்கு ஒரு எழுத்து தாராரு. ரோகிணின்னா ஒ, வ, வி, வு. சொகமான எழுத்து. திருவாதிரைக்கு பஞ்சாங்கத்தை எடுத்துப் பாரு: கு, க, ங, ச. மூணாம் பாதத்துல பெறந்த பிள்ளைக்கு 'ங'-வுல ஒரு பேரு சொல்லு பாப்போம். எந்த ஜோசியரும் சொன்னதில்ல. நைசா பக்கத்து எழுத்துக்குத் தாவிருவாரு. நட்சத்திரம் முன்பாதியைப் புடிச்சிக்கிடுச்சா, பின்பாதிக்கு எண்கணிதக்காரரு வாராரு. கூட்டுத்தொகை ஒண்ணு கொறையுதுங்காரு. அதுக்கு ஒரு ஸ்ரீ, பத்தலேன்னா இங்கிலீசுல இன்னொரு 'ஈ'. ஜெயலலிதா அம்மாவே பேருக்குப் பின்னால ஒரு 'ஏ' கூட்டிக்கிட்டாக, நாம எம்மாத்திரம்! என்ன, அவுக கையெழுத்தை எந்த கிளார்க்கும் நிறுத்திவச்சு 'ஸ்பெல்லிங் ஒத்துவரல'ன்னு கேட்டிருக்க மாட்டான். உன் மகளைக் கேப்பான்.

இப்ப அந்தக் காலி எடத்துக்கு வாரேன். பிறப்புச் சான்றிதழ்ல எடம் விட்டு அடிப்பான், ஆதார்ல ஒட்டி அடிப்பான், பள்ளிக்கூடத்துல 'ஸ்ரீ'யை இன்ஷியல்னு நினைச்சு 'எஸ்'ஸுன்னு போடுவான். ஒரே பிள்ளை, மூணு ஆளு. பாஸ்போர்ட்டுல பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேரு? அவசரத்துல எவனாவது ஸ்ரீயை அந்தக் கட்டத்துல தள்ளிட்டான்னா, உன் பிள்ளை வெளிநாட்டுல 'மிஸ் ஸ்ரீ'யாத்தான் திரியணும். ஆனா நியாயத்தையும் சொல்லணும்லா. 2022 நவம்பர்ல அமீரகத்துக்காரன், பாஸ்போர்ட்டுல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ளே விடமாட்டேன்னான். நம்ம பக்கத்துப் பயலுகதான் துபாய்க்கு வரிசையில நிக்கானுக. அன்னைக்கு ரெண்டாவது பேரோட அருமை தெரிஞ்சது.

ரெண்டு வீட்டையும் சேக்கணும்னுதான் ஆசைன்னா வேற தடம் இருக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல மதுரையில பெறந்தவுக. அந்த 'எஸ்' யாருன்னு நினைக்க? பெத்த தாய், வீணை வாசிச்ச சண்முகவடிவு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்கும் 'பி'ன்னா தாய் பாலாம்பாள்தான். உன் பொண்டாட்டி பேருக்கு இன்ஷியல்ல ஓர் எழுத்து கொடுத்தா கெட்டா போயிருவ? முழிக்காத. இன்னொண்ணையும் கவனி. சுப்புலட்சுமிங்கறதும் ரெட்டைதான், ஆனா அதைச் சொல்லிக் கூப்பிட்டவுக யாரு? வீட்டுல 'குஞ்சம்மா', ஊருக்கு 'எம்.எஸ்.' அவ்வளவு பெரிய பேரு காகிதத்துலயும் இசைத்தட்டு உறையிலயும் கிடந்துச்சு.

நாங்க வச்சதுலயே மோசமான ரெட்டைப் பேரு ஒண்ணு உண்டு. 'போதும்பொண்ணு'. இதுக்கு ஜோசியரும் வேண்டாம், கூட்டுத்தொகையும் வேண்டாம். மூணாவதும் நாலாவதும் பொண்ணாப் போச்சுன்னா, அடுத்தது பையனா வரட்டும்னு சாமிக்கு மனு எழுதி அந்தப் பிள்ளை நெத்தியில ஒட்டுன பேரு. கூசாம எழுதச் சொல்லுவாக, கூசாம எழுதுவாரு கணக்கப்பிள்ளை, நானும் நோட்டைச் சுமந்துக்கிட்டு பக்கத்துல நிப்பேன். பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடும்போது அந்தப் பிள்ளைக தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் 'உள்ளேன் ஐயா' சொல்லும். கல்யாணப் பத்திரிகையில மட்டும் பேரு மாறிரும். அதை நினைச்சா உங்க ஹன்ஷிதா ஸ்ரீ தங்கம்லே. வேணும்னு பெத்து, யோசிச்சு யோசிச்சு சண்டை போட்டுல்லா வைக்கிறீக.

அதனால அவசரம் வேண்டாம். 21 நாளைக்குள்ள பிறப்பைப் பதிஞ்சிரணும், ஆனா பேரில்லாமலே பதியலாம். 12 மாசத்துக்குள்ள பேரைச் சேத்தா காசு கிடையாது. அதுக்கு மேல தாமதக் கட்டணம் கட்டி 15 வருசம் வரைக்கும் சேக்கலாம். ஆனா 15 வருசம்னதும் சந்தோசப்படாத. 2023 அக்டோபர்ல இருந்து பெறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஏறின பேரை எறக்குறதும் லேசு இல்ல. ஒரு மாசம் ரெண்டு பேரையும் சேத்து முழுசாக் கூப்பிட்டுப் பாருங்க. நடுராத்திரி பிள்ளை அழும்போது எது வாயில வருதுன்னு கவனிச்சுக்கோங்க. அதை முன்னால போடுங்க. மத்ததை ஒட்டி எழுதுங்க, இல்ல ஓர் எழுத்தா ஆக்குங்க.

பேராண்டி, கடைசியா ஒண்ணு. உன் மாமியா வீட்டுல கேட்டா, 'உங்க வீட்டுப் பேருதான் முன்னால வரணும்னு தாத்தாவே சொல்லிட்டாரு'ன்னு சொல்லு. உங்க அம்மா கேட்டா, 'நம்ம பேருதான் பின்னால நின்னு தாங்கணும்னு தாத்தா சொல்லிட்டாரு'ன்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேட்டா, எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லிரு.