ஆளுக்கொரு தீவு

ஸ்டாக்ஹோமில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் ஒரு தொல்லை. இருட்டவே மாட்டேன் என்கிறது. ராத்திரி 10 மணிக்கு மறைகிற சூரியன் 3.30-க்கெல்லாம் மறுபடி ஆஜர். குளிர், இருட்டு, மனச்சோர்வு என்று பேராசிரியரிடம் ஆறு மாதமாகச் சொல்லிவந்த சாக்கெல்லாம் ஒரேயடியாகக் காலி. மிச்சமிருந்தது தீவுப் பயணம்தான். கிளம்பிவிட்டோம்: மதுரைக்காரன், கோவைக்காரன், முனைவர் பட்டத்தை முடிக்கவே மனமில்லாத தஞ்சாவூர் அக்கா, நான்.

ஸ்ட்ரோம்காயன் துறையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் வாக்ஸ்ஹோம்ஸ்பொலாகெட் படகுகள்தான் தீவுகளுக்கு டவுன் பஸ். அதிலொன்று, ஸ்டோர்ஷார் என்ற நீராவிக் கப்பல், 1908-இல் கட்டியது. நாங்கள் ஏறியது சாதா படகு. மேல்தளத்தில் ஸ்வீடன்காரர்கள் முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியில் மதுரைக்காரனுக்கு வீட்டிலிருந்து வீடியோ கால்.

"லைஃப் ஜாக்கெட் எங்கடா?"

"ம்மா, இது கப்பல்ம்மா."

"கப்பல்னா முங்காதா? அந்தக் கம்பியை விட்டுத் தள்ளி உக்காரு!"

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. இங்கே திட்டுவதென்றாலும் பேசியாக வேண்டுமே.

பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் இங்கே சுமார் 30,000 தீவுகள். பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான உயரத்துக்குப் பனி ஏறி உட்கார்ந்து நிலத்தைக் கீழே அழுத்திவிட்டது. பனி உருகிப் பல்லாயிரம் வருஷமாகியும் நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறது, ஸ்டாக்ஹோம் பக்கம் வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர் வீதம். நேற்றைய பாறை இன்றைய தீவு. நாளைக்குப் பக்கத்துத் தீவோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா இதைச் சொல்லி முடித்தபோது, மதுரையில் பிளாட் போட்டு விற்பவரின் மகன் முகம் மாறிவிட்டது.

"சும்மா கெடந்தாலே நெலம் கூடுதாக்கா? எங்கப்பா காதுல விழுந்தா அடுத்த பிளைட்ல வந்துருவாரு."

கிரிண்டா தீவில் இறங்கினோம். நோபல் அறக்கட்டளையின் முதல் நிர்வாகியாக இருந்த ஹென்ரிக் சாந்தெசோன், சுமார் நூற்றிருபது வருஷத்துக்கு முன் இங்கே கல்லில் மாளிகை கட்டினார். இப்போது அது விடுதி. உள்ளே சாப்பிட எங்கள் உதவித்தொகை இடம்கொடுக்காது. அக்காவின் தூக்கில் புளியோதரை இருந்தது.

'அல்லேமான்ஸ்ரெத்தன்' என்று இங்கே எல்லோருக்கும் ஓர் உரிமை உண்டு. அடுத்தவர் நிலத்தில் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்கலாம். வீட்டை ஒட்டிப் போகக் கூடாது, எதையும் பாழாக்கக் கூடாது, அவ்வளவுதான். மதுரைக்காரனுக்கு இது ஜீரணமாகவில்லை. "அப்புறம் எதுக்குக்கா பட்டா?" என்றான். வேலியே போடாத ஊரில் அவன் பரம்பரைத் தொழிலுக்கு என்ன மரியாதை?

கல்யாணப் பந்தியே போடலாம் என்கிற மாதிரி அகலமான பாறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்தது, எங்களைப் பார்த்தது, லேசாகத் தலையசைத்தது, வேறு பாறை தேடிப் போய்விட்டது. பிற்பாடு வந்தவர்களும் அப்படியே. புளியோதரை வாசனையாக இருக்குமோ என்று கோவைக்காரன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டான். அதெல்லாம் இல்லை, அடுத்தவர் தனிமையைக் கெடுக்கக் கூடாது என்பது இவர்களுக்கு வேதம். பஸ் நிறுத்தத்திலேயே ரெண்டு ஆள் இடம் விட்டு நிற்பவர்களுக்கு 30,000 தீவைக் கொடுத்தால்?

கோவைக்காரன் தண்ணீரில் குதித்தான். குதித்த வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையிலும் குற்றம் கண்டுபிடித்தான். "ஏனுங்க்கா, கடல்னு கூட்டியாந்தீங்க, உப்பே இல்லீங்களே!" பால்டிக்கில் ஆறுகள் நிறையக் கலக்கின்றன, பெருங்கடல் நீர் உள்ளே வர வழியோ குறுகல். அதனால் இந்தப் பக்கம் பெருங்கடல் உப்பில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஊறுகாயைக் கடித்து அவன் சரிக்கட்டிக்கொண்டான்.

திரும்பும் படகைப் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. படகுத்துறைக் கம்பத்தில் வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதைத் திருப்பிவைத்தால்தான் ஆள் நிற்கிறது என்று கேப்டனுக்குத் தெரியும். இல்லாவிட்டால் நிற்காமலே போய்விடலாம். அக்கா முறைப்படி திருப்பிவைத்தார். தகட்டை நம்பி வாழ்கிற பரம்பரையா மதுரைக்காரன்? படகு தலைகாட்டியதும் பலகையின் நுனிக்கு ஓடி, துண்டைச் சுழற்றி, "அண்ணே, ஹோல்டான்! ஆள் இருக்கு!" என்று கத்தினான். படகு நின்றது. தன்னால்தான் நின்றது என்று இன்றுவரை சொல்கிறான்.

பக்கத்தில் நின்ற ஸ்வீடன் பாட்டி மெல்லக் கேட்டார், அன்று முழுக்க எங்களிடம் பேசிய ஒரே உள்ளூர்க்காரர்: "கேப்டன் உங்களுக்குச் சொந்தமா?"

"இன்னும் இல்லைங்க பாட்டி" என்றான் அவன். பாட்டிக்குப் பக்கத்துத் தீவில் மரவீடு ஒன்று இருக்கிறதாம். படகு வாக்ஸ்ஹோமைத் தொடுவதற்குள், ஒரு சென்ட்டுக்கு நாற்பதரைச் சதுர மீட்டர் என்று அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, முன்பணம் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.