சாவி யாரிடம்?

ஊருக்கு ஒரு கணினி மையம் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்க மாட்டார். எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். கூட்டம் அங்கேயே நாலாகப் பிரியும். கன்னிவாடி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஐந்தாகப் பிரிந்தது. ஐந்தாவது கோஷ்டி, முதலில் டீ வரட்டும் என்ற கோஷ்டி.

தீர்மான நோட்டு என் வீட்டில் இருந்த ஒரே காரணத்தால் நான் கமிட்டிச் செயலாளர். நூலகக் கட்டடம் ஒழுகும் என்றார்கள். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் கேன் உருளும். கோயில் மண்டபத்தில் சப்பரச் சாமான். கடைசியில் ஒரு பெரியவர் தன் வீட்டு மாடியை வாடகையே இல்லாமல் தருவதாகச் சொன்னார். “எல்லாரும் வரலாமாங்கய்யா?” என்று கேட்டேன். “யாரு வேணும்னாலும் வரட்டும்ப்பா. நம்ம சனம் யாரு வேணும்னாலும் வரட்டும்” என்றார். இரண்டாவது வாக்கியத்தில் மாடிப்படி பாதி ஊருக்கு இல்லாமல் போனது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது இதில் கறாராக இருந்தது. இடத்தை ஊர் தர வேண்டும். அங்கே எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். கணினியெல்லாம் அதற்குப் பிறகு. கன்னிவாடிப் பக்கத்திலும் அந்த நிறுவனம் நெடுங்காலம் வேலை செய்திருப்பதால், பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். இரண்டு தெருவுக்கும் நடுவில் பூட்டிக் கிடந்த பஞ்சாயத்துக் கட்டடம் ஒன்று தேறியது.

பூட்டிக் கிடந்த கட்டடம் என்றேன் இல்லையா, அடுத்த வில்லங்கம் அங்கே தொடங்கியது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சாவியின் மகிமை கூடுதலாகவே தெரியும். தலைவர் ஒரு பூட்டு வாங்கி வந்தார். தலைவரை நம்பாத துணைத்தலைவர் இன்னொன்று. இருவரையும் நம்பாத பொருளாளர் மூன்றாவது. கதவு திறக்க வேண்டுமானால் மூவரும் ஒரே நாளில் ஊரில் இருக்க வேண்டும். மூவரும் பேச்சுவார்த்தையிலும் இருக்க வேண்டும். ஆவணி முகூர்த்தங்களில் மையம் திறந்ததாக நினைவில்லை.

டெல்லி கல்காஜியில் 1999-இல் சுகதா மித்ரா என்பவர், குடிசைப் பகுதியைப் பார்த்த சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்துவைத்தார்; வாத்தியார் இல்லாமலே பிள்ளைகள் தாங்களாகத் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டார்கள். சாவித் தொல்லையே கிடையாது என்று கமிட்டியில் எடுத்துச் சொன்னேன். பொருளாளர் யோசித்தார். “சுவத்துல பதிச்சா, ராவோட ராவா சுவத்தையே பேத்துட்டுப் போயிருவானுகளே” என்றார். தீர்மான நோட்டில், ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டேன்.

இத்தனைக்கும் எங்கள் வட்டாரம் இந்த விஷயத்தில் பின்தங்கியது அல்ல. இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களை, 2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம், மூன்றாவது எங்கள் செம்பட்டி. செம்பட்டியில் உட்கார்ந்துகொண்டே ஒரு விவசாயி, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை நிபுணரின் முகம் பார்த்துப் பயிருக்கு வைத்தியம் கேட்க முடிந்தது. அங்கே பேச்சு ஆகாயம் வரை போய்த் திரும்பியது. எங்கள் பேச்சு துணைத்தலைவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை.

மையத்தை நடத்த பி.எஸ்சி. முடித்த ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தோம். சாவிக்காக மூன்று வீடு ஏறி இறங்கி அலுத்துப்போன அந்தப் பெண், ஒருநாள் மகளிர் குழு அக்காமார்களோடு வந்து நாலாவதாக ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனாள். தலைவர்கள் மூவரும் முதன்முறையாக ஒரே கட்சி ஆனார்கள். மாலைக்குள் சமரசம். மற்ற மூன்று பூட்டுகளும் அவரவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தன.

கதவு திறந்தது, ஆள் வர வேண்டுமே. எங்கள் வகுப்பு நேரத்தை முடிவு செய்தது நாங்கள் அல்ல, மும்முனை மின்சாரம். அது வந்துவிட்டால் ஆண்கள் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார்கள். அது போனபின் வகுப்புக்கு வருவார்கள். வந்த சூட்டில் மின்விசிறிக்கு அடியில் தூங்கிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு மவுஸ் பிடிக்கவும், பெயிண்டில் வீடு வரையவும் சொல்லித்தந்தோம். பாடத்திட்டம் அப்படித்தான் சொல்லியது. ஓர் அப்பத்தா சிவப்பு ஓடு போட்டு அழகான வீடு வரைந்துவிட்டு, “இதுக்கு வீட்டு வரி போடுவாங்களாப்பா?” என்று கேட்டது. அடுத்த நாள் அப்பத்தா வரவில்லை.

புதுச்சேரித் திட்டத்தில் வீராம்பட்டினம் என்றொரு மீனவர் ஊர் இருந்தது. அலை எத்தனை உயரம் எழும் என்று அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் கணிப்பை எடுத்து, அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர் யாரையும் முதலில் மவுஸ் பிடிக்கச் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவருக்குக் கடலைப் பற்றிச் சொன்னார்கள், கேட்டார்கள். எங்கள் ஊருக்கு அலை கிடையாது. அலைச்சல் உண்டு. அலைச்சல் எல்லாம் பட்டாவுக்கும் சிட்டாவுக்கும்.

மையத்தில் பட்டா எடுக்கலாம் என்று அந்தப் பெண் வாசலில் எழுதிப் போட்டாள். மறுநாள் வரிசை நின்றது. முதல் ஆள் தன் சர்வே எண்ணைச் சொன்னார். திரையில் அவர் பெயர் வந்தது. கீழே அண்ணன் பெயரும் வந்தது, தம்பி பெயரும் வந்தது. அப்பா காலத்துக் கூட்டுப் பட்டா பிரியாமலே கிடந்திருக்கிறது. அரை மணியில் மூன்று குடும்பமும் மையத்தில் கூடிவிட்டது. டிஜிட்டல் கல்வி எங்கள் ஊரில் உண்டாக்கிய முதல் விழிப்புணர்வு ஒரு பங்காளிச் சண்டைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் அன்றே பட்டா பார்க்கப் பழகிவிட்டார்கள்.

அப்புறம் வந்தது ஓ.டி.பி. நிலம் தன் பேரில் இருக்கிற ஒரு அக்கா, பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் நின்றுவிட்டது என்று வந்தார். இ-கே.ஒய்.சி. செய்ய வேண்டும். ஆதார் எண்ணைப் போட்டதும் ஓ.டி.பி. கிளம்பியது. நேராகத் திருப்பூருக்குப் போனது. அம்மாவின் ஆதாரில் மகனின் போன் நம்பர். மகன் பனியன் கம்பெனியில், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கத்தில். அவன் விழிப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதி. எங்கள் கமிட்டியின் மூன்று பூட்டாவது கண்ணுக்குத் தெரிந்தது. நிலம் இங்கே, உழைப்பு இங்கே, சாவி திருப்பூரில். விசாரித்தால் தெருவுக்குப் பத்து அம்மாக்கள் இப்படி இருந்தார்கள்.

பெயிண்ட் வகுப்பை அந்தப் பெண் கமிட்டியைக் கேட்காமலே நிறுத்திவிட்டாள். அம்மாக்களை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் அவரவர் சொந்த நம்பரைச் சேர்க்க வைத்தாள். வந்த குறுஞ்செய்தியைத் திறப்பது, ஆறு இலக்கத்தை வாசிப்பது, வேறு யார் கேட்டாலும் சொல்லாமல் இருப்பது: இவ்வளவுதான் புதிய பாடத்திட்டம். மூன்றாவது பாடத்தில் எல்லாரும் சீக்கிரம் தேறிவிட்டார்கள்.

போன வாரம் திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டானாம். “ஏம்மா, ஒன் ஓ.டி.பி. எனக்கு வரவே மாட்டேங்குதே?”

“இனிமே எனக்குத்தான் வரும்” என்றாராம் அக்கா. “ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு, பாத்துச் செய்யிறேன்.”