அம்மா சுட்டால், மாமியார் தொட்டால்

கேள்வி: அம்மா என்றால் அன்பு, மாமியார் என்றால் வம்பு. சிறுகதைகளிலும் அப்படித்தானே சார்?

பதில்: எழுத்தாளர் அம்பையின் கதைகள் பக்கம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள்! 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில், மகள் பூப்படையும்போது அம்மா வெளியூரில் இருக்கிறாள். அங்கே உறவுக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழிக்கிறார்கள். திரும்பி வரும் அம்மா, ஆறுதலுக்கு ஏங்கும் தன் மகளிடம், உனக்கு என்ன அவசரம் என்று எரிந்துவிழுகிறாள். அந்த ஒரு சொல்தான் கொலை.

'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையிலோ, ராஜஸ்தானிக் குடும்பத்து மாமியார் ஜீஜிக்கு அடுப்படிதான் சாம்ராஜ்யம். அவர் நோயில் படுக்க, பக்கத்தில் உட்கார்ந்து, சமையலறையும் நகையும் உங்கள் பலமல்ல என்று எடுத்துச் சொல்பவள் மருமகள் மீனாட்சி. பெற்றவள் தள்ளிவிட்டாள், வந்தவள் தாங்கிப் பிடித்தாள்.

அதற்காக அம்மாவை வில்லி ஆக்கிவிட வேண்டாம். பெண்ணின் நிறத்துக்கு மார்க் போட்டது மாப்பிள்ளை வீடு. ஜீஜியின் சாம்ராஜ்யத்துக்கு எல்லை போட்டது அவர் கணவரின் நாக்கு. பழி மட்டும் வழக்கம்போல் பெண்கள் கணக்கில்!