மாண்டரின் கற்கப் புறப்படுவோரின் ஆயத்த நிலைகள்: அக்கா மகளை முன்வைத்து

வெளிநாடு போய் மாண்டரின் கற்பது எப்படி என்று சொல்ல நூல்கள் உண்டு. போகப் போவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் கழிக்கும் மாதங்களைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், திருச்சி உறையூரில் என் அக்கா வீட்டுக் கூடம். ஆய்வுக்காலம், பொங்கல் கழிந்த நாள் முதல் மே மாத நடுப்பகுதி வரை. மாதிரியின் அளவு, ஒன்று. பொறியியல் முடித்தவள், வயது இருபத்திரண்டு, என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். மாதிரி மிகச் சிறியது என்று சிலர் குறை சொல்லக்கூடும். அவள் புத்தகங்களும் சார்ஜர்களும் கூடத்தில் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கருதுகோள் இது: ஒரு மொழியைக் கற்கப் போடும் திட்டம், அந்த மொழியைக் கற்கத் தேவையான நேரம் முழுவதையும் தானே தின்றுவிடும்.

முதலில் ‘கோடை’ என்ற சொல்லை வரையறுக்க வேண்டும். நமக்குக் கத்திரி முடிந்தால் கோடை முடிந்த மாதிரிதான்; பள்ளிக்கூடமும் திறந்துவிடும். மாதிரி போகப்போகும் தைபேயிலோ கோடைப் பருவ வகுப்பு ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. ஆகவே நம் மாதிரிக்கு ஒரே ஆண்டில் இரண்டு கோடை. மே மாதம் உறையூரில் வெந்து, ஜூனில் அங்கே ‘பிளம் மழை’ என்று சொல்லப்படும் நசநசப்பில் ஊறி, ஜூலையில் மறுபடி வேக வேண்டும். 2020 ஜூலை 24 அன்று தைபேயில் வெயில் 39.7 டிகிரி செல்சியஸ். பெட்டியின் அடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்த, மாதிரியின் பாட்டியிடம் இந்தத் தரவைச் சமர்ப்பித்தேன். “எதுக்கும் இருக்கட்டும்” என்றார். தரவால் அசைக்க முடியாத சான்றாளர்கள் உண்டு என்பதை ஈண்டுப் பதிவு செய்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுக்க மாதிரி ஓர் எக்செல் தாள் போட்டாள். சோங்சிங், வூஹான், நான்ஜிங் மூன்றும் சீனர்களே ‘மூன்று உலைகள்’ என்று பெயர் வைத்த ஊர்கள் என்பதால் முதல் நாளே கழிந்தன. குன்மிங் கடல்மட்டத்துக்குச் சுமார் 1900 மீட்டர் மேலே இருக்கும் ‘வசந்த நகரம்’. அதற்குப் பச்சை நிறம். வடகிழக்கில் இருக்கும் ஹார்பினில் கோடை இதமானது, அங்கே பேசும் மாண்டரின் சுத்தமானது என்று பெயரும் உண்டு, அதற்குக் கரும்பச்சை. மூன்று வாரம் கழித்து, மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்ததில் ஹார்பின் முதலிடம் பெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்டது தைபே. காரணம் கேட்டேன்.

“பபிள் டீ தைவான்லதான் மாமா கண்டுபிடிச்சாங்க.”

இது உண்மை. 1980களில் தைவானில் பிறந்த பானம்தான் அது. தேர்வு முறையியலில் இனி யாரும் இந்தக் காரணியை ஒதுக்க முடியாது.

தைபேயில் 1956 முதல் ஒரு பல்கலைக்கழக மாண்டரின் பயிற்சி மையம் இருக்கிறது. தேசிய தைவான் ஆசிரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே இடமும் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் ஒரு சிறு விஷயம் தெரியவந்தது. மாதிரி அதுவரை செல்போனில் படித்ததெல்லாம் பெருநிலச் சீனாவின் எளிமையாக்கிய எழுத்து. தைவானில் புழங்குவது பழைய எழுத்து. ‘தைவான்’ என்ற பெயரைப் பழைய முறையில் முழுமையாக எழுத 39 கோடுகள் போட வேண்டும். ஒலிப்பைக் குறிக்க ரோமன் எழுத்தில் பின்யினைப் படித்திருந்தாள். தைவான் பிள்ளைகள் படிப்பதோ 37 குறிகள் கொண்ட வேறொன்று. பின்யின் குழுவை முன்நின்று நடத்திய ஜோ யோகுவாங் பொருளாதாரம் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். 1958இல் அது நடைமுறைக்கு வந்தது. அவர் 111 வயது வரை வாழ்ந்தார். இதைச் சொன்னபோது அக்கா ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டாள்: “பாத்தியா, பேங்க் வேலைன்னா ஆயுசு கெட்டி.”

இனி தொனிகள். ‘மா’ என்பதை ஒரே உயரத்தில் நிறுத்தினால் அம்மா, ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டுவது. குரலின் உயரத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் குறிக்கும் முறையை 1930இல் மொழியியலாளர் ஜாவ் யுவான்ரென் கொண்டுவந்தார். அதன்படி நான்கு தொனிகளும் 55, 35, 214, 51. மாதிரி இவற்றைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுக் கலங்கிப்போனார்: “இருநூத்திப் பதினாலா? யாருக்குடி சுகர்?”

உண்மையில் இந்த நான்கும் நம் வாயில் ஏற்கெனவே இருப்பவை. டாக்டர் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொல்லும்போது வரும் ‘ஆ…’ முதல் தொனி. போனில் காது கேட்காதபோது ‘ஆங்?’ இரண்டாவது. எதிராளி விடுகிற கதையை நம்பாமல் இழுக்கும் ‘ம்ம்…ம்?’ மூன்றாவது. பால் பொங்கும்போது ‘ஏய்!’ நான்காவது. உணர்ச்சிக்கு இவற்றைச் செலவழித்துப் பழகியவர்கள் நாம். பொருளுக்குச் செலவழிக்கச் சொன்னால்தான் தடுமாற்றம். ‘ஷுயிஜியாவ்’ ஒரு தொனியில் கொழுக்கட்டை, இன்னொரு தொனியில் தூக்கம். பசியோடு கடைக்குப் போய் ஒரு தட்டுத் தூக்கம் கேட்க நேரலாம். ‘மாய்’ தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, வெட்டி விழுந்தால் விற்பது. பாண்டி பஜாரில் இப்படியொரு மொழி இருந்தால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஒரு பிறவிச் சொத்து உண்டு. பின்யினில் ‘ஆர்’ என்று எழுதும் ஒலி, நாக்கை மடித்துச் சொல்லும் நம் ழகரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். மனிதரை ‘ழென்’ என்று சொன்னால் ஏறக்குறையச் சரி. இதை அறிந்த நாள் மாதிரி கூடத்தில் மூன்று சுற்று நடந்தாள். வாழைப்பழம், கிழவி, வழுக்கை என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்து, “பாதி மாண்டரின் முடிஞ்சுது மாமா” என்று அறிவித்தாள். என் கடமையைச் செய்தேன். பெய்ஜிங்கில் சொல்லின் வாலில்கூட நாக்கை மடித்து ஒட்டுகிறார்கள். சரக்கு அங்கே செல்லும். தைவானிலோ பேச்சில் பலர் நாக்கை மடிப்பதில்லை. ‘ஷ’ ‘ஸ’ ஆகிவிடும், ‘ழென்’ ‘லென்’ ஆவதும் உண்டு. பத்துக்கு ‘ஷ்’, நாலுக்கு ‘ஸ்’ என்று புத்தகம் பிரித்து வைத்ததும் அங்கே தெருவில் ஒன்றாகிவிட, தொனி ஒன்றுதான் காப்பாற்றும். அதாவது, வாளப்பளம் விற்கும் தெருவுக்கு ழகரத்தைச் சாணை பிடித்துக்கொண்டு போகிறாள். எக்செல் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் எல்லாம் சுமுகம். தகப்பன் பெயரை இனிஷியலாக முன்னால் வைக்கும் நம் ஒழுங்கு, குடும்பப் பெயரை முன்னால் வைக்கும் சீன ஒழுங்கோடு அப்படியே பொருந்தும். சாப்பாடு அவ்வளவு எளிதில்லை. தைவானில் பொட்டலச் சைவ உணவை ஐந்து வகையாகப் பிரித்து அச்சிடுகிறார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்தது அதில் தனி வகை, ஏனென்றால் பௌத்தச் சைவத்தில் இரண்டும் ஆகாது. நம் சின்ன வெங்காயச் சாம்பார் அங்கே அரைச் சைவம். குப்பை வண்டி பீத்தோவன் மெட்டு ஒலித்துக்கொண்டு தெருவுக்கு வரும், நாமே இறங்கிப் போய்ப் போட வேண்டும் என்பதையும் மாதிரி கண்டுபிடித்து, தன் படிப்பு அட்டவணையில் ‘கேட்டல் பயிற்சி, இரவு’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்தாள். பீத்தோவன் ஜெர்மன்காரர் என்று நான் சொல்லவில்லை.

இப்போது இவ்வாய்வின் முக்கியப் பரிசோதனைக்கு வருகிறேன். மாண்டரினில் இரண்டு ‘பா’ உண்டு. இரண்டும் நான்காம் தொனிதான். மூச்சை விடாமல் சொன்னால் அப்பா. மூச்சைத் தள்ளிச் சொன்னால் பயப்படுவது. பின்யினில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து; அந்த எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’. வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்ப்பது ஆசிரியர்கள் காட்டும் வழி. அப்பாவுக்குத் தாள் அசையக் கூடாது, பயத்துக்கு அசைய வேண்டும். நோட்டுத் தாள் எதற்கும் அசையவில்லை. டிஷ்யூ, மின்விசிறிக்கே பறந்தது. மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரின் தாள் மட்டுமே கனம் சரியாக இருந்தது. முன்னாலிருந்து கிழித்தால் பாட்டிக்குத் தெரிந்துவிடும் என்று, பிப்ரவரி தொடங்கி தினமும் ஒரு தாளாக நடுவிலிருந்து உருவினாள். மொழி என்று அவள் உருப்படியாகப் பழகியது இது ஒன்றைத்தான். அட்டவணையில் இது இல்லை.

மே நடுவில், ஜூன் பயணத்துக்கு நல்ல நேரம் பார்க்கப் பாட்டி காலண்டரைப் புரட்டினார். மே முப்பத்தொன்றுக்கு அடுத்து செப்டம்பர் வந்தது. விசாரணையில் தலையணைக்கு அடியிலிருந்து கத்தையாகத் தாள்கள் மீட்கப்பட்டன. பயண நாள் தாளில் எச்சில் பட்டு நல்ல நேரத்தின் மை கலைந்திருந்தது. மாதிரி தன் தரப்பை விளக்கினாள், செய்தும் காட்டினாள். முதல் ‘பா’வுக்குத் தாள் சிலை மாதிரி நின்றது. இரண்டாவதற்குப் படபடத்தது.

“குடு இங்க” என்று பாட்டி வாங்கிக்கொண்டார். பல் செட்டைக் கழற்றி வைத்திருந்த நேரம். நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து, அப்பாவைச் சொன்னார்; தாள் பறந்தது. பயத்தைச் சொன்னார், அதற்கும் பறந்தது.

“தப்பு பாட்டி, அப்பாவுக்கு ஆடக் கூடாது.”

“எங்க காலத்துல ரெண்டும் ஒண்ணுதான்டி” என்று சொல்லிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து, கலைந்துபோன நல்ல நேரத்தை எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.