கயிற்றில் கோத்த குடும்பத்தின் ஓட்டவியல்: நிகார்ட்ஸ்பிரேன் பனியாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

குடும்பம் திண்மமா, பாய்மமா என்ற கேள்வியை அறிஞர் உலகம் உரிய கவலையோடு அணுகியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க, நார்வேயின் யோஸ்டெடால் பள்ளத்தாக்கில் இறங்கும் நிகார்ட்ஸ்பிரேன் பனியாற்றை ஆய்வுக்களமாகக் கொண்டோம். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனிப்பரப்பான யோஸ்டெடால்ஸ்பிரேனின் கிளை இது. குடும்ப விவகாரங்களில் இதற்கு முன்னனுபவமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மளமளவென்று கீழிறங்கி, 1748க்குள் நிகார்ட் என்ற பண்ணையை விழுங்கிவிட்டு, அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

ஆய்வுப்பொருள்: அப்பா, அம்மா, பதின்வயது மகள், சின்னப் பையன். காலணிகளில் இரும்பு முட்கள், இடுப்பில் வார், நால்வரையும் கோக்கும் ஒரே கயிறு. தலைப்பில் வழிகாட்டிப் பெண். வீட்டில் வரிசை எதுவாயினும் இங்கே அவர் வைத்ததே வரிசை. பையன் அவருக்கு அடுத்து, அப்பா கடைசி. வாலில் பலசாலி வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதும் அப்பா சமாதானமானார். கயிறு விறைக்கவும் கூடாது, பனியில் புரளவும் கூடாது என்பது விதி. தொங்கும் கயிறு, ஆள் விழுந்து வேகமெடுத்த பிறகுதான் பிடிக்கும்.

இனி கோட்பாடு. பனியாற்றின் நடுப்பகுதி ஓரங்களைவிட வேகமாக நகர்கிறது என்று 1842இல் ஆல்ப்ஸின் மெர் டி கிளாஸில் அளந்து காட்டினார் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். வேகம் மாறும் இடத்தில் மேல்பனி வெடிக்கிறது. அடியிலுள்ள பனியோ அழுத்தத்தில் உடையாமல் வழிந்தோடுகிறது. 1955இல் கிளென் வகுத்த விதிப்படி, இழுவிசை இருமடங்கானால் உருமாறும் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

குடும்பத்துக்கு இவ்விதி அப்படியே பொருந்துகிறது. மகள் படமெடுக்க நின்றாள். அம்மாவின் கயிறு பின்னால் இழுபட்டது. முன்னே பையன் நிற்காமல் நடந்தான். இழுவை இருமடங்கானபோது அம்மாவின் குரல் எட்டு மடங்கு உயர்ந்ததை இவ்வாய்வாளர் தம் காதாலேயே அளந்தார்.

இரண்டாவது வெடிப்பு, பனி ஏன் நீலம் என்ற பையனின் கேள்வியால் நேர்ந்தது. வானத்தின் நிழல் என்று வாலிலிருந்து விளக்கம் வந்தது. காற்றுக்குமிழ்கள் நசுங்கி வெளியேறிய கெட்டிப்பனி, ஒளியின் சிவப்பை உறிஞ்சிவிட்டு நீலத்தை விடுகிறது என்றார் வழிகாட்டி. மகள் அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். காது கேட்காமல் அல்ல.

இளைப்பாறும்போது க்விக் லுன்ஷ் வெளியே வந்தது. 1937 முதல் நார்வேஜியர் மலையேறும்போது பையில் போட்டுக்கொள்ளும் சாக்லேட் அது; ஒரு பட்டையில் நான்கு விரல்கள். கயிற்றிலோ ஐவர். பங்கீடு பற்றி மூன்று கருதுகோள்களை ஆயத்தமாக வைத்திருந்தோம். ஆனால் அப்பாவின் பையிலிருந்து வந்த உறையில் இரண்டு விரல்களே இருந்தன. வரிசையில் கடைசியாக நடப்பவரைப் பின்னாலிருந்து பார்க்க யாருமில்லை என்பது எங்கள் ஆய்வுமுறையின் குறைபாடு.